பச்சையம்மாவின் தலைக்கட்டு

பச்சையம்மாவை நான் முதலில் பார்த்தது திருவொற்றியூரில், ஆழிப்பேரலைக்குப் பிறகு அரசு போட்டுக் கொடுத்த தார் அட்டைக் கொட்டகைகளுக்கு நடுவே. சமூகப்பணியில் பட்டம் வாங்கிய கையோடு, எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் என்ற நிமிர்வோடு நான் பட்டணத்துக்கு வந்திருந்த நேரம். வீடிழந்த பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் தங்க இடம் பார்த்துத் தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. கொட்டகை கொட்டகையாகப் போய் யாருக்கு என்ன குறை என்று கேட்டு வரவேண்டும்.

மாசி மாதத்து வெயில் தார் அட்டையை இளக்கி மூக்கில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஒரு வரிசையின் கடைசிக் கொட்டகைக்கு வெளியே ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மீன் விற்கிற அன்னக்கூடை, ஒரு குடம், துணி மூட்டை, மூட்டையின் மேல் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே ஒரு கைக்குழந்தை அழுதது.

"உங்க வீடு எதும்மா?" என்று கேட்டேன்.

"தோ, முதுகாண்ட கீதே, அதான்."

"அப்புறம் ஏன் வெளியில உக்காந்திருக்கீங்க?"

"உள்ள என் வூட்டுக்காரரு கீறாரு. கூடவே அவரு பொண்டாட்டியும் கீறா." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ படிச்ச புள்ள மாதிரி கீற. அப்போ நான் யாருன்னு நீயே சொல்லு, நைனா."

நானும் மணலில் உட்கார்ந்தேன். அவளும், அவள் கொழுந்தன் மணியும், தாழுக்கு அந்தப் பக்கம் இருந்த குணசுந்தரியும் பின்னாளில் சொன்னதைச் சேர்த்தால் நடந்தது இதுதான்.

கணவன் எத்திராஜ் அவளை விட்டுப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. மகள் ரேகா அப்போது ஒன்றாம் வகுப்பு. மீஞ்சூர்ப் பக்கம் ஒருத்தியோடு இருக்கிறான், பழவேற்காட்டுப் படகுகளில் தொழிலுக்குப் போகிறான் என்று யார் யாரோ வந்து சொன்னார்கள். பச்சையம்மா அழுத அழுகையை ஒருநாளில் முடித்துக்கொண்டாள். மறுநாள் விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றாள். கவளையோ சங்கராவோ, கிடைத்த மீனை எடுத்துக் கூடையில் போட்டு, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றுவிட்டுத் திரும்புவாள். கணவன் பேச்சை யாராவது எடுத்தால், "கடல்ல எங்கியோ கீறான், வுடு" என்பாள்.

அந்த ஒரு நினைப்பால்தான் அவள் கதவைப் பூட்டுவதில்லை. வீட்டு ஆம்பளை கடலில் இருக்கும்போது கதவைப் பூட்டினால் அவன் கரை திரும்பும் வழியைப் பூட்டியது மாதிரி என்பது அந்தக் குப்பத்து வழக்கம். எத்திராஜ் எந்தப் படகில் யாரோடு இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. கடலில் இருக்கிறான் என்று மட்டும் தெரியும். அவன்மேல் ஆசை மிச்சமில்லை. ஆனால் ஒரு ஆள் கரை திரும்பாமல் போனதற்குத் தன் பூட்டு காரணம் என்று ஊர் பேசிவிடக்கூடாது. அதனால் கதவைச் சாத்திவிட்டு மட்டும் போவாள்.

"யாரு வர்றதுக்குத் தொறந்து வெச்சிட்டு வந்த, பச்ச?" என்று கூடைக்காரிகள் சீண்டுவார்கள்.

"பூனை வர்றதுக்கு. மீன்தலைய துன்னுட்டு அது பாட்டுக்குப் போவும். உன் வூட்டுக்காரன் மாதிரி குந்திக்கினு ரோதனை பண்ணாது."

குப்பத்தில் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் ஊருக்கு வரி கட்டவேண்டும். ஊர் வேலைக்கு ஓர் ஆளும் அனுப்பவேண்டும். கோயில் மணியை விடாமல் அடித்தால் ஊர் வேலை என்று பொருள். கரையில் சிக்கிய படகைத் தள்ள, திருவிழாவுக்குப் பந்தல்கால் நட, கடலில் தவறியவனைத் தேட, வீட்டுக்கு ஒருவர் வந்து நிற்பார்கள். பெண்ணுக்குத் தலைக்கட்டு கிடையாது. புருஷன் செத்திருந்தால் விதவை வீடு என்று ஏதோ பாதிக் கணக்கிலாவது வரும். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்கு அதுவும் இல்லை.

எத்திராஜின் வரியை அவன் தம்பி மணி கட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் பெயர் ஊரில் அழிந்துவிடக்கூடாது என்ற பிடிவாதம். ஆனால் கோயில் மணி அடித்தால் அவன் தன் வீட்டுக்குத்தான் நிற்கமுடியும். எத்திராஜ் வீட்டுக்கு ஆள் எங்கே என்று ஒருதடவை ஊரில் சத்தம் வந்தது. அடுத்த தடவை பச்சையம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போய்ப் படகின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்தாள்.

"இன்னா பச்சம்மா, மீச மொளச்சிடுச்சா?" என்று ஒருவன் சிரித்தான்.

"மொளச்சா உனுக்குத்தான் தரலாம்னு கீறேன். உனுக்குத்தான் இன்னும் வரல."

பிறகு யாரும் சிரிக்கவில்லை. பழகிவிட்டது. பழகிய எதையும் கண்கள் பார்ப்பதில்லை.

அலை வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வண்ணாரப்பேட்டையில் இருந்தாள்; ரேகா அத்தை வீட்டில். இருவரும் பிழைத்தார்கள். வீடு இருந்த இடத்தில் அடுப்புக்கல் மட்டும் கிடந்தது. மத்தியானம் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. அடித்துக்கொண்டே இருந்தது. மகளை ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு அவளும் போனாள். வலைக்குள்ளும் கட்டுமரத்துக்கு அடியிலும் கிடந்தவர்களைத் தூக்க, வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

கொட்டகைகள் தயாரானதும் குப்பத்துத் தலைவரான நாட்டார் தேசப்பன் தலைக்கட்டு வாரியாகப் பெயரை உரக்கக் கூப்பிட்டார். எத்திராஜ் என்றதும் மணி போய்ச் சாவியை வாங்கி அண்ணியிடம் கொடுத்தான். இந்தக் கொட்டகையில் இருப்பவருக்கே நாளைக்கு நிரந்தர வீடும் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் புழுக்கத்தையும் தார் நாற்றத்தையும் யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. பச்சையம்மா உள்ளே ஒரு பழைய பலகையைக் கல்மேல் வைத்து மகளுக்கு மேஜை போட்டுக் கொடுத்தாள். ரேகாவுக்குப் பங்குனியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

சேதி மீஞ்சூருக்கும் போனது.

அப்போதெல்லாம் பொணம் தின்ற மீன் என்று சொல்லி வண்ணாரப்பேட்டைப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கும் கூடை கனக்கவே திரும்பிய பச்சையம்மா, தண்ணீர்க் குழாயடியில் மகள் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"ம்மா, நைனா வந்துகீது" என்றாள் ரேகா. "கூட ஒரு பொம்பளயும் புள்ளயும். என்னை வெளிய போவச் சொல்லிட்டாங்க."

பச்சையம்மா கூடையை இறக்காமலே நடந்தாள். வாசலில் குடமும் துணியும் கிடந்தன. எத்திராஜ் நிலைப்படியில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. அவனுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் குழந்தையை மடியில் போட்டு, பச்சையம்மாவின் அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா இது?"

"கதவு தொறந்து கெடந்துது, வந்தேன். என் பேர்ல கீற கொட்டாவுக்குள்ள வர்றதுக்கு எவங்கிட்ட கேக்கணும்?"

"எத்தினி வருஷமா தொறந்துதான் கீது. இப்பத்தான் உனுக்கு வழி தெரிஞ்சுதா?"

"ரப்சர் பண்ணாத. இவளும் புள்ளயும் ரோட்ல நின்னுகினு கீறாங்க. நீ ரெண்டு நாளு மணி வூட்ல போயி இரு."

"ரெண்டு நாளு கழிச்சு?"

அவன் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டு உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுந்தது.

மணியின் கொட்டகையும் அதே அளவுதான். அதில் ஏற்கெனவே ஆறு பேர். மணியின் மனைவி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் சொன்னாள். ரேகா குழாயடியில் உட்கார்ந்து படித்தாள். அங்கே சாராயம் குடித்துவிட்டு வருகிறவர்கள் கைகால் கழுவுவார்கள். விடலைகள் சும்மாவே சைக்கிளை நிறுத்துவார்கள். பச்சையம்மாவால் ஏலத்துக்குப் போகமுடியவில்லை. விடியுமுன் எழுந்து போனால் மகள் திறந்தவெளியில் தனியாக இருப்பாள். போகாவிட்டால் கூடை காலி. அவள் போய்த் தன் கதவுக்கு வெளியே உட்கார்ந்தாள். நான் பார்த்தது அந்தக் கோலத்தில்தான்.

எங்கள் நிறுவனம் ராயபுரத்தில் ஒரு பெண்கள் காப்பகத்தைக் காட்டியது. மகளோடு போய்ப் பார்த்தாள். இரும்புக் கதவு போட்ட பழைய மாடிக் கட்டடம். வாசலிலிருந்தே பினாயில் வாசம். உள்ளே, மாமியார் விரட்டிவிட்ட ஒருத்தி இரண்டு பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ரயில் நிலையத்தில் பல வருஷம் படுத்திருந்த ஒருத்தி, கட்டிலில் படுக்கப் பழகாமல் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தாள். ஒரு மூலையில் மேஜையும் விளக்கும் இருந்தன. ரேகாவின் கண் அங்கே போய் நின்றதைப் பச்சையம்மா பார்த்தாள்.

காப்பாளர் ரஹீமுன்னிசா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசினாள்.

"பொண்ணு பத்திரமா இருக்கும். சாப்பாடு கீது, டாக்டரம்மா வாராங்க. ஆனா கேட்டு காலைல ஆறு மணிக்குத்தான் தொறப்பேன். புருஷனுங்க வந்து வாசல்ல நின்னு பண்ற பேஜாரு கொஞ்சநஞ்சமில்ல. யாருக்காவும் முன்னாடி தொறக்கமாட்டேன்."

"ஆறு மணிக்கு ஏலம் முடிஞ்சு காக்கா பொறுக்கிகினு இருக்கும், பாய்ம்மா."

"அப்போ பொண்ணை மட்டுமாச்சும் வுடு."

"நான் வரல" என்றாள் ரேகா, மேஜையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரஹீமுன்னிசா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. நீ மூட்டைய தூக்கிகினு இங்க வந்துட்டா, அவளே காலி பண்ணிகினு போய்ட்டான்னு அங்க பேசிடுவானுங்க. நாளைக்கு வூடு வந்தா அவனுக்குத்தான் வரும். இந்த எடம் போக்கிடமே இல்லாதவளுக்கு. உனுக்குப் போக்கிடம் கீது. உள்ள எவனோ தாப்பா போட்டுகினு கீறான், அவ்ளோதான்."

பேருந்திலிருந்து இறங்கியதும் பச்சையம்மா நேராக நாட்டார் கொட்டகைக்குப் போய், பஞ்சாயத்து கூட்டச் சொன்னாள்.

சாயங்காலம், வெயில் இறங்காத நேரம். பாதி மணலில் புதைந்து கிடந்த ஒரு விசைப்படகின் நிழலில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றார்கள். எத்திராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். வரும்போது, "நான் சொல்ற வரிக்கும் தொறக்காத" என்று குணசுந்தரியை உள்ளே வைத்துத் தாழிடச் சொல்லிவிட்டுத்தான் வந்தான். கொட்டகையில் ஆள் இருந்தால் பிடி இருக்கும் என்பது அவன் கணக்கு.

"கொட்டா என் பேர்ல. வரி என் பேர்ல. இதுல பேசறதுக்கு இன்னா கீது?" என்றான்.

தேசப்பன் பச்சையம்மா பக்கம் திரும்பினார். புருஷன் உயிரோடு இருக்கிற பெண் சபையில் தானாகப் பேசுவதில்லை. அவளுக்காக ஓர் ஆண் பேசவேண்டும். எண்ணூரில் இருந்த அவள் பிறந்த வீட்டில் ஆம்பளை யாரும் மிஞ்சவில்லை.

"உனுக்கு யாரு பேசுவா, பச்சம்மா?"

ஆண்கள் வரிசையில் யாரும் எழவில்லை.

தேசப்பன் தாடையைச் சொறிந்தார். கெட்ட மனுஷன் அல்ல. சண்டையைச் சீக்கிரம் முடிக்க விரும்புகிறவர். "சரி, ரெண்டு பேரும் இந்த ஊரு தான். நடுவுல ஒரு சேலையக் கட்டிக்கோங்க. அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நீயும் பொண்ணும். வூடு வரும்போது பாத்துக்கலாம்."

"எத்திராசு எந்தப் பக்கம் படுப்பான், அதையும் சொல்லிடு நாட்டாரே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆண்கள் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எத்திராஜும் சிரித்தான்.

பச்சையம்மாவுக்குக் காது மடல் சுட்டது. பெண்கள் வரிசையில் ரேகா தலையைக் குனிந்துகொண்டதை அவள் பார்த்துவிட்டாள். வயசுக்கு வந்த மகளை ஒரு சேலை மறைப்புக்குப் பின்னால் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். மறுத்தால் மணல்தான். அவள் மணியைப் பார்த்தாள். மணி மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். உடன்பிறந்தவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயரைக் காப்பாற்றத்தான் இத்தனை வருஷமும் வரி கட்டினான்.

தேசப்பன் எழுந்திருக்கத் துண்டை உதறினார். அப்போதுதான் மணி, "நான் பேசறேன்" என்றான்.

"யாருக்குடா?" என்றான் எத்திராஜ், இன்னும் சிரிப்பு அடங்காமல்.

"அண்ணிக்கு."

சிரிப்பு நின்றது.

"வரி கட்னது நான். அது என் முட்டாத்தனம், வுடு. ஆனா தலைக்கட்டுன்னா வரி மட்டுமா நாட்டாரே? கோயில் மணி அடிச்சா ஆளு வரணும். இத்தினி வருஷமா எத்திராஜ் வூட்டுக்கு எவன் வந்து நின்னான்?"

"டேய், குட்ச்சிட்டு வந்து ஒளறாத."

"நான் நாட்டாராண்ட பேசிகினு கீறேன்." மணி தேசப்பன் பக்கம் திரும்பினான். "அலை வந்த அன்னிக்கு, உன் தம்பிய வலைக்குள்ளேர்ந்து அறுத்து எடுத்தமே, நாட்டாரே. ரோடு வரிக்கும் தூக்கிகினு போனமே. தலைப் பக்கம் நீ புடிச்ச. கால் பக்கம் யாரு புடிச்சா?"

தேசப்பன் துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

"பச்சம்மா" என்றார்.

"எத்திராஜ் வூட்டு ஆளா வந்து புடிச்சா. அப்போ அந்த வூடு யாரு?" என்றான் மணி.

"பொம்பளைக்கு ஏதுடா தலைக்கட்டு?" எத்திராஜ் எழுந்துவிட்டான். "ஊரு சிரிக்கும்டா. ஒரு மீன்காரி பேச்சக் கேட்டுகினு..." சுற்றிலும் பார்த்தான். சற்று முன் தன்னோடு சிரித்த முகம் ஒன்றுகூட இப்போது நிமிரவில்லை. சட்டென்று திரும்பிக் கொட்டகைகள் பக்கம் நடந்தான். நடை ஓட்டமானது.

கூட்டம் பின்னால் போய்ச் சேர்வதற்குள், பக்கத்து வீட்டு அடுப்போரம் இருந்த மண்ணெண்ணெய் டப்பா அவன் கையில் இருந்தது. கொட்டகையின் பக்கச் சுவரில் வீசி ஊற்றினான். டப்பாவை எறிந்துவிட்டு இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான்.

"எனுக்கு இல்லாதது எவளுக்கும் இல்ல!"

தார் அட்டைச் சுவர், தார் அட்டைக் கூரை. ஒன்றில் பிடித்தால் அடுத்த மூச்சில் வரிசை முழுக்கப் பிடிக்கும் என்று அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். பெண்கள் அலறிக்கொண்டு அவரவர் கொட்டகைக்கு, பிள்ளைகளை இழுக்க ஓடினார்கள். ஆண்கள் அவனைச் சுற்றி வளைத்து நின்றார்கள். யாரும் கிட்டே போகவில்லை. கிட்டே போனால் உரசிவிடுவான்.

உள்ளே குழந்தை சிணுங்குகிற சத்தம் பச்சையம்மாவுக்குக் கேட்டது. குணசுந்தரிக்கு வெளியே நடப்பது தெரியாது.

பச்சையம்மா அவனைப் பார்க்காமல், அவன் முழங்கை உரச அவனைக் கடந்து போய்க் கதவைத் தட்டினாள்.

"குணா! புள்ளய தூக்கிகினு வெளிய வா."

"அவரு தொறக்காதன்னு சொல்லிகீறாரு, க்கா."

"நெருப்புக்குச்சிய வெச்சிகினு நிக்கிறான்டி அவன். செவுத்துல எண்ணெய ஊத்திட்டான். தொற!"

உள்ளே ஒன்றும் அசையவில்லை. தன்னைக் கொட்டகையை விட்டு வெளியேற்ற இந்தப் பெண் செய்கிற தந்திரம் என்றுதான் முதலில் நினைத்ததாகக் குணசுந்தரி பின்னால் சொன்னாள். அப்புறம் மண்ணெண்ணெய் வாடை அட்டை இடுக்கு வழியாக வந்தது. தாழ்ப்பாள் திறந்தது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தவள் ஈரச் சுவரைப் பார்த்தாள், பிறகு அவனை.

"நான் உள்ள கீறேன்னு தெரியும்ல உனுக்கு?"

எத்திராஜ் குச்சியைப் பெட்டியின் ஓரத்தில் வைத்தான்.

"கொளுத்து. ஆனா உன் கையப் பாருய்யா" என்றாள் குணசுந்தரி. "முழங்கை வரிக்கும் எண்ணெய். மொதல்ல நீதான் எரிவ."

அவன் குனிந்து கையைப் பார்த்தான். வெள்ளைச் சட்டையின் கை நனைந்து ஒட்டியிருந்தது. அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. மணி பின்னாலிருந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். தீப்பெட்டி மணலில் போய் விழ, யாரோ ஒரு வாளித் தண்ணீரை அதன்மேலும் சுவரின்மேலும் எத்திராஜின்மேலும் சேர்த்துக் கொட்டினார்கள்.

அடி பலமாக விழுந்தது. தேசப்பன் விலக்கிவிட்டு, மீஞ்சூர் வழியில் அவனை நடக்கச் சொன்னார். அவன் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினான். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"எத்திராஜ் தலைக்கட்டு இன்னியோட இல்ல" என்றார் தேசப்பன், நின்றபடியே. "இனி அந்த எடத்துல பச்சம்மா. வரி கட்டுறதும் அவ, மணி அடிச்சா வர்றதும் அவ. கொட்டாவும் அவளுது. அதிகாரிங்ககிட்ட நானே சொல்றேன்."

"பொம்பள பேரு எப்படி நாட்டாரே..." என்று ஒருவன் இழுத்தான்.

"பொணத்துக்குக் கால் புடிச்சப்போ இந்தக் கேள்விய நீ கேட்டியா?"



கூட்டம் கலைந்தது. குணசுந்தரி குழந்தையோடு அங்கேயே நின்றாள். "வந்த வழியப் பாத்துகினு போடி, குடி கெடுக்க வந்தவளே" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி அவள் துணிப்பையை எடுத்து வெளியே எறிந்தாள். பச்சையம்மா அவளை உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிடத் தோன்றவும் இல்லை என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். மகளின் புத்தகங்களை மணலில் வைத்தவள் குணசுந்தரி. பச்சையம்மா சுவரைக் கழுவிவிட்டு, மகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள், ரேகாவை உள்ளே தாழிடச் சொல்லிவிட்டு ஏலத்துக்குப் போனாள். மீனை எடுத்துக்கொண்டு, மகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமென்று திரும்புகையில், நெடுஞ்சாலைப் பேருந்து நிறுத்தத்தில் குணசுந்தரி அதே துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடியிருந்தாள். பச்சையம்மா அவளைக் கடந்து கொஞ்ச தூரம் போனாள். பிறகு நின்றாள்.

"பெத்தவங்க கீறாங்களா?"

"இல்லக்கா."

"சோறு பொங்கத் தெரியுமா? அன்னிக்கு என் அடுப்புல காச்சின கஞ்சி, கஞ்சி மாதிரியே இல்ல."

குணசுந்தரி அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. பச்சையம்மா ஈரக் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வந்த பேருந்தில் அவளை ஏற்றினாள். மீன் நாற்றத்துக்கு நடத்துநர் திட்டியதற்கு அவள் திருப்பிச் சொன்னதை இங்கே எழுதமுடியாது. ராயபுரத்தில் இரும்புக் கதவு அப்போதுதான் திறந்திருந்தது.

"போக்கிடம் இல்லாதவளுக்கு எடம்னு சொன்னியே, பாய்ம்மா. தோ, இட்டாந்துகீறேன்" என்றாள். "ஏலத்துக்கெல்லாம் போவமாட்டா. நீ ஆறு மணிக்குத் தொறந்தா போதும் இவளுக்கு."

ரஹீமுன்னிசா குழந்தையைக் கையில் வாங்கி, கழுத்தில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தாள். பச்சையம்மா அதற்குமேல் நிற்கவில்லை. கூடையில் மீன் கெட்டுக்கொண்டிருந்தது.

இது நடந்து மூன்று நான்கு வருஷங்கள் ஆகின்றன. பச்சையம்மா இப்போது திருவொற்றியூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் முதல் மாடியில் இருக்கிறாள். வீடு அவள் பெயரில் இருக்கிறது. காசிமேட்டு ஏலத்துக்கு இன்றும் போகிறாள். ரேகா கணக்கில் ஒரு தடவை தவறி, மறுபடி எழுதித் தேறி, மாத்தூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். குணசுந்தரி ராயபுரம் காப்பகத்தில் சமையல் செய்கிறாள். அவள் மகன் அங்கன்வாடிக்குப் போகிறான். எத்திராஜ் எங்கே என்று யாருக்கும் தெரியாது.